பூட்டின வீட்டுத் தண்ணீர்

ட்ரம்நபோலாவில் பதினோரு வீடு பூட்டிக் கிடந்தது. பதினோரு வீட்டுக்கும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் அட்ராக்டா கெராட்டி இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். புனித பிரிஜித் திருநாள் கழிந்த வாரம் வந்துவிட்டால் அவள் புருஷன் மாலக்கி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, வால்வு திருப்புகிற நெஞ்சு உயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பூட்டின வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், சாலையோரத்து வால்வைத் திறந்து, முற்றத்துக் குழாயைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, மறுபடி மூடிவிட்டு வருவார். சிலர் நேர்ந்துகொண்டு வெறுங்காலோடு மலையேறுகிறார்கள். இவருக்கு இது. ஊரில் எவனும் ஏன் என்று கேட்டதில்லை.

ஏன் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷம் மீட்டர் அசையாமல் கிடந்தால் இணைப்பை வெட்டிவிட வேண்டும் என்பது ட்ரம்நபோலா தண்ணீர்ச் சங்கத்தின் விதி. விதியை எழுதினவர் சங்கச் செயலாளர் மாலக்கி கெராட்டி. வருஷா வருஷம் அதற்குப் பெப்பே காட்டினவரும் அவரேதான். பாஸ்டனுக்கும் சிட்னிக்கும் கோவென்ட்ரிக்கும் போனவர்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையின் அடியில் ஒரு வரி சேர்த்து எழுதுவார்கள்: "தண்ணிய மட்டும் விட்டுராத மாலக்கி, வந்துருவோம்." அவர் விடவில்லை. அவர்களும் வரவில்லை.

அந்த பிப்ரவரியில் மழை நின்ற நாள் இரண்டோ மூன்றோதான். வயலெல்லாம் கோரை மட்டும் தலை நீட்டிக்கொண்டு சொதசொதவென்று கிடந்தது. இப்படி வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற ஊரில் ஒரு வீட்டுக்குக் குடிதண்ணீர் இல்லை என்றால் கேட்கிறவன் சிரிப்பான். அட்ராக்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மகள் கிரான்யா, மருமகன் அல்டன், பேத்திகள் இரண்டு பேர், நாலு ஜீவனும் மூன்று வருஷமாக மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், லாரியில் வந்து இறங்கின தகர வீட்டில் இருந்தார்கள். வீடு கட்ட மேட்டு வயலை மாலக்கி எழுதிக் கொடுத்தாயிற்று. வரைபடம் போட்டாயிற்று. ஆழ்துளை போட்டும் பார்த்தாயிற்று. இரண்டு துளையிலும் துருவும் அழுகின முட்டை நாற்றமும்தான் வந்தது. இனிச் சங்கத்துத் தண்ணீர்தான் கதி. "தண்ணீர் உண்டு" என்று ஒரு கடிதம் இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கவுன்சிலுக்குப் போகவில்லை என்றால் வீடு கட்ட அனுமதி கேட்ட மனு செத்தது.

அதற்காகத்தான் திங்கள்கிழமை மதியம் யூனா ப்ரெஸ்லின் என்கிற இன்ஜினியர் பெண் வந்திருந்தாள். அரசுத் தண்ணீர் வாரியத்தில் இந்த மாவட்டத்துக்குத் திட்டம் போடுகிறவள். சர்ச்சுக்கு எதிர்த்த நிலத்தில் அறுபது வீடு கட்டுவதாக இருந்தது. அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று அளந்துகொண்டிருந்தாள். அப்படியே சங்கத்துக் கணக்கையும் பார்த்து, கடிதம் கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்லவேண்டியவளும் அவள்தான். அடுப்பில் உப்புப் பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் வெந்துகொண்டிருந்தன. வந்தவளைச் சாப்பிடாமல் அனுப்பக்கூடாது என்று அட்ராக்டா தட்டை வைத்துவிட்டாள்.

"வேண்டாம் மிசஸ் கெராட்டி, நான் வண்டியிலயே சாண்ட்விச் தின்னுட்டேன்."

"சாண்ட்விச்சு ஒரு சாப்பாடா? உட்காருங்க. உருளைக்கிழங்கு நம்ம வயல்ல வெளைஞ்சது."

யூனா உட்கார்ந்தாள். நல்ல பெண்தான். முகத்தில் களைப்பு. காகிதத்தை வெண்ணெய் படாமல் ஒதுக்கி விரித்தாள்.

"விஷயத்த நேரா சொல்லிடறேன். உங்க சங்கத்துல நூத்திப் பதினெட்டு இணைப்பு. ஏரியிலேருந்து எடுக்க அனுமதியும் நூத்திப் பதினெட்டுக்குத்தான். சுத்திகரிக்கிற ஷெட்டும் அவ்வளவுதான் தாங்கும். இனி ஒண்ணுகூடச் சேர்க்க முடியாது."

"அவ்வளவு பெரிய ஏரி. ஒரு வீடு குடிச்சா வத்திருமா?" என்றாள் அட்ராக்டா.

"வத்தாது. ஆனா உங்களுக்கு ஒண்ணு குடுத்தா அடுத்தவங்களுக்கு எப்படி இல்லைன்னு சொல்றது? ஆத்துலேருந்து பெரிய குழாய் வரட்டும். அறுபது வீட்டுக்கும் அதுதான், உங்களுக்கும் அதுதான்."

"எப்ப வரும்?"

"திட்டத்துல முப்பத்தி மூணுன்னு போட்டிருக்கோம்."

"முப்பத்தி மூணு நாளா?"

யூனா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "ரெண்டாயிரத்து முப்பத்தி மூணு, மிசஸ் கெராட்டி."

"இயேசு மரி சூசை!"

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஒரே ஒரு இணைப்பு செத்துக் கெடந்திருந்தாக்கூட, இப்பவே இந்த மேசையில வெச்சு எழுதிக் குடுத்திருப்பேன். அதுக்காகவே எல்லா மீட்டரையும் பார்த்தேன். சிலது ரொம்பக் கம்மி. கிழவன் ஒருத்தன் தனியா இருந்தாக்கூட அதைவிட அதிகமாக் குடிப்பான். ஆனா ஓடியிருக்கு. ஓடினா உசுரோட இருக்குன்னு அர்த்தம். உசுரோட இருக்கறதுக்கு நான் ஒரு முழுக் குடும்பத்துத் தண்ணிய ஒதுக்கித்தான் ஆகணும்."

மாலக்கி சோடா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கத்தி அப்படியே நின்றது. அட்ராக்டா அவரைப் பார்த்தாள். அவர் ரொட்டியைப் பார்த்தார். பதினோரு முற்றம், பதினோரு குழாய், கால்மணி நேரம். அவள் பேத்திகளின் தண்ணீர் முழுவதும் அந்தச் சாக்கடைகளில்தான் ஓடிப் போயிருக்கிறது. வாய் நீளம் என்று ஊரில் பேரெடுத்தவள். அன்றைக்கு மட்டும் அந்நியப் பெண்ணுக்கு முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்க நாக்கு வரவில்லை. "இன்னும் கொஞ்சம் முட்டைக்கோஸு போட்டுக்குங்க" என்றாள்.

இன்ஜினியரின் வண்டி வாசலைத் தாண்டியதும் மாலக்கியே கேட்டார்: "சுத்துக்குப் போகணும். ஓட்டுறியா?"

இடுப்பெலும்பு தேய்ந்துபோய் அவரால் அந்த வருஷம் கிளட்சை மிதிக்க முடியவில்லை. அட்ராக்டா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தாள். கதவை அவள் சாத்திய வேகத்தில் கோழிகள் சிதறின. பாலம் தாண்டும்வரை பொறுத்திருந்தாள்.

"ஒரே ஒண்ணு செத்திருந்தா போதும்னா அந்தப் பொண்ணு. காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"உங்கிட்ட பதினோரு பொணம் இருக்கு. அத்தனைக்கும் மூக்குல காத்து ஊதி ஊதி வெச்சிருக்க."

"அப்படிச் சொல்லாத."

"எப்படிச் சொல்லணும்? பாட்டாப் பாடணுமா? நீயே சொல்லு, டார்ப்பி வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"கூரையாச்சும் இருக்கா?"

"பாதி இருக்கு."

"பாதிக் கூரைக்குத் தண்ணி விடுற. பெத்த பொண்ணுக்குக் கடுதாசி இல்லங்கற."

"கேட்டுக்கிட்டாங்க அட்ராக்டா. சரின்னு சொல்லிட்டேன். சொன்ன சொல்லு."

"டார்ப்பி செத்து ஆறு வருஷமாச்சு. செத்தவனுக்குக் குடுத்த சொல்லு பெருசு, பக்கத்துல நிக்கிறவளுக்கு ஒண்ணும் இல்ல. நல்ல நியாயம்யா உன் நியாயம்."

கண்ணாடியில் துடைப்பான் கீச்சுக் கீச்சென்று அரைத்துக்கொண்டிருந்தது. கடைசியாக நின்ற இடம் கோல்மனின் வீடு. கோல்மன் மாலக்கியின் தம்பி. எண்பத்தாறில் கோவென்ட்ரிக்குப் போனவன், கட்டட வேலைக்கு. அப்பன் அவனுக்கென்று விட்ட வீடு அது. மற்ற பத்தைப் போல இல்லை. ஜன்னலுக்கு மாலக்கி பெயின்ட் அடித்து வைத்திருந்தார். புகைக்கூண்டில் காக்கை கூடு கட்டாமல் கம்பிவலை போட்டிருந்தார்.

அவர் மண்டியிட முடியாமல் நின்றபடியே நீளச் சாவியை வால்வில் செருகித் திருப்பினார். அட்ராக்டா போய் முற்றத்துக் குழாயைத் திறந்தாள். இரண்டு தரம் இருமிவிட்டு, பழுப்பாக வந்து, பிறகு தெளிந்து கொட்டியது. நல்ல தண்ணீர். அழுத்தமும் நல்ல அழுத்தம். கை வைத்தால் விரலைத் தள்ளியது. பூட்ஸை நனைத்துக்கொண்டு சாக்கடைக்குள் போனது.

"இவனையாச்சும் கேளேன்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "உன் கூடப்பொறந்தவன்தானே. ஞாயித்துக்கிழமை தவறாம பேசுற. ஒருவாட்டி கேட்டா என்ன?"

"கேக்க முடியாது."

"ஏன்?"

"ஏரியிலேருந்து நம்ம ரோடு வரைக்கும் குழாய்க்குப் பள்ளம் வெட்டினது யாரு? வீட்டுக்கு ஒரு ஆளு நாப்பது நாள்னு சங்கத்துல சொன்னாங்க. நம்ம வீட்டு ஆளு அவன்தான். எனக்கு அப்ப முதுகுவலி. பாறையில கடப்பாரை போட்டுக் கை பொளந்து, பால் வடிகட்டுற துணிய சுத்திக்கிட்டு வெட்டினான். குழாயில தண்ணி வர்றதுக்கு ஒன்பது நாள் முன்னாடி பஸ் ஏறிட்டான். அவன் வெட்டின தண்ணிய அவன் ஒரு வாய் குடிக்கல." மாலக்கி மூக்கை உறிஞ்சினார். "பஸ்ஸுல கால வெச்சுட்டு, 'நான் வர்றப்ப குழாயத் திறந்தா தண்ணி வரணும்டா'ன்னான். இப்பப் போயி, 'தம்பி, உன் தண்ணிய வெட்டப்போறேன்'னு சொல்லச் சொல்றியா? அதுக்கு, 'இனி நீ வராத'ன்னு நேராவே சொல்லிரலாம்."

"அவன் வரமாட்டான் மாலக்கி."

"இந்த மே மாசம் வர்றேன்னான்."

"போன மேக்கும் அதத்தானே சொன்னான்."

"போன மே முட்டி ஆபரேஷன்."

அட்ராக்டா குழாயை மூடப் போனாள். "இன்னும் நாலு நிமிஷம்" என்றார் மாலக்கி, கடிகாரத்தைப் பார்த்து.

திரும்பி வந்து நேராகத் தகர வீட்டுக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் பூஞ்சை நாற்றமும் எரிவாயு அடுப்பு நாற்றமும் முகத்தில் அடித்தன. தகரச் சுவரில் வேர்வை கோடுகோடாக இறங்கியது. கிரான்யா மகளுடைய கட்டிலுக்குப் பின்னால் கறுத்துப்போன மூலையைப் பிளீச்சில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் சேடி சோபாவில் உட்கார்ந்து, வாயில் மூச்சு மருந்துக் குப்பியை வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். இருமல் அவள் உடம்புக்குப் பெரிசாக இருந்தது.

"இன்ஜினியர் என்ன சொன்னா?"

அட்ராக்டா சொன்னாள். அந்தப் பதினோரு வீடுதான் குறுக்கே நிற்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. அப்பனும் மகளும் முகம் பார்க்காமல் போய்விடுவார்கள் என்று பயமாக இருந்தது.

கிரான்யா துணியை வாளியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அழவில்லை. "சரிம்மா. அப்ப கால்கரிதான். அல்டனோட அண்ணன் ரெண்டு வருஷமாக் கூப்பிடறான். இங்க பால் லாரி ஓட்டுறவன் அங்க எண்ணெய் லாரி ஓட்டுவான். ஃபாரமெல்லாம் எழுதி வெச்சிருக்கோம், அனுப்பல, அவ்வளவுதான்."

"அனுப்பாதடி. அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு."

"வெள்ளிக்கிழமை வானத்துலேருந்து குழாய் எறங்குமா? எனக்கு ஒண்ணுதான் சிரிப்பா வருது. ஊரை விட்டுப் போறவங்க எல்லாரும் வீட்டப் பூட்டிட்டுப் போனாங்க. எனக்குப் பூட்டிட்டுப் போறதுக்காச்சும் ஒரு வீடு வேணாமா?" என்று கிரான்யா உண்மையிலேயே சிரித்தாள். அந்தச் சிரிப்பு அட்ராக்டாவை என்னவோ செய்தது. பேத்தியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மாட்டுத்தீவனம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு டவுனுக்குப் போனாள். கடை வாசலில் வண்டியை நிறுத்தி, தீவன மூட்டைகள் மேல் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டு, கோவென்ட்ரிக்குப் போன் போட்டாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவளாகக் கோல்மனை அழைத்தது அதுதான் முதல் தடவை.

"யாரு? அட்ராக்டாவா? அண்ணன் போயிட்டானா?"

"வாயில அடி. நல்லா இருக்கான். இடுப்புதான்."

"அப்பாடா. வேற யாரு?"

"யாரும் சாகல கோல்மன். ஒண்ணு கேக்கணும். அவனுக்குத் தெரியாது, நான் கேக்கறது."

அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்: கடிதம், வெள்ளிக்கிழமை, சேடியின் இருமல், மீட்டர், கால்மணி நேரம். அவன் பக்கம் டீவியில் குதிரைப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. முடித்துவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவ்வளவுதானா?" என்றான் கோல்மன். "நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். வெட்டிரு. என்ன எழுதணும்னு சொல்லு, ஒரு தாள்ல எழுதி இப்பவே அனுப்பிடறேன்."

அட்ராக்டா கண்ணைத் திறந்தாள். இவ்வளவு லேசாகவா?

"வீட்டுக்கு வர்றப்ப..."

"எங்க வர்றது? எழுபத்தோரு வயசு. லிஃப்ட் உள்ள வீடு, கீழ ஆஸ்பத்திரி, தெரு முனையில ரெண்டு பயலுக சீட்டாட. அங்க வந்து யாரு மூஞ்சியப் பார்க்கறது, காக்கா மூஞ்சியவா? வரமாட்டேன்னு எனக்கு இருபது வருஷமாத் தெரியும்."

"அப்ப ஒவ்வொரு மேக்கும் வர்றேன் வர்றேன்னு..."

"அவனுக்காகத்தான். ஞாயித்துக்கிழமை போன் எடுத்ததும், 'குழாய் நல்லா வருதுடா'ன்னுதான் ஆரம்பிப்பான். 'ஜன்னலுக்குப் பச்சை அடிச்சிருக்கேன்'ம்பான். அவ்வளவு ஆசையாப் பேசறவன்கிட்ட வேண்டாம்டான்னு எப்படிச் சொல்றது? எனக்கு அந்த மனசு வரல." டீவியின் சத்தத்தைக் குறைத்தான். "இத அவன்கிட்ட சொல்லிராத. தம்பி ரொம்ப யோசிச்சான்னு சொல்லு. நாலு நாள் தூங்கலன்னு சொல்லு."

"சொல்றேன்."

"குட்டிப் பொண்ணு பேரு என்ன சொன்ன?"

"சேடி."

"நல்ல பேரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

கடிதம் அடுத்த திங்கள்கிழமை வந்தது. 'செயலாளர், ட்ரம்நபோலா தண்ணீர்ச் சங்கம்' என்று விலாசம். தபால்காரன் மாலக்கி கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான். அட்ராக்டா பாத்திரம் கழுவுகிற தொட்டியருகில் நின்றாள். அவர் தம்பியின் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள்; பார்த்திருக்கக் கூடாது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பிரித்தார். படித்தார். திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி படித்தார். அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சாவிய எடு" என்றார்.

கோல்மன் வீட்டு முன்னால் இறங்கி, வால்வை இந்தத் தடவை இடது பக்கமாகத் திருப்பாமல் வலது பக்கமாக முழுக்கத் திருப்பி இறுக்கினார். மீட்டரைக் கழற்ற மண்டியிடவேண்டும். அட்ராக்டா கை கொடுக்கப் போனாள், வேண்டாம் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்து, மீட்டரைக் கழற்றி, குழாயின் வாயில் பித்தளை மூடியைப் போட்டுத் திருகினார். குழியில் மிச்சம் இருந்த தண்ணீர் அவர் முழங்கையை நனைத்தது. சரளைக்கல்லைத் தள்ளி மூடிவிட்டு, இரும்புத் தகட்டின்மேல் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டார். விதிப்படி செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தார்.

வண்டியில் வந்து ஏறி, நெடுநேரம் மூச்சு வாங்கினார்.

"கிரான்யாவுக்குக் கடுதாசிய சாயங்காலம் எழுதிடறேன். அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டா புதன்கிழமைக்கு கவுன்சிலுக்குப் போயிரும்."

"சரி" என்றாள். அழுகை வந்தது. சந்தோஷமா என்னவென்று அவளுக்கே பிடிபடவில்லை.

"மத்த பத்து பேருக்கும் எழுதணும். உங்க தண்ணி வேணுமா வேண்டாமான்னு. வேண்டாம்னுதான் சொல்லுவாங்க." துடைப்பான் ஓடாத கண்ணாடியில் மழை வழிந்து, வீடு ஒரு பச்சைக் கறையாகத் தெரிந்தது. "சர்ச்சுக்கு எதிர்த்தாப்புல பத்து வீடாச்சும் கட்டட்டும்."

"மாலக்கி..."

"அவன்கிட்ட என்னைக்குப் பேசின?"

"போன செவ்வாக்கிழமை."

"என்ன சொன்னான்?"

கோல்மன் சொன்னபடியே அட்ராக்டா சொன்னாள். "ரொம்ப ஒடஞ்சு போயிட்டான். உடனே சொல்ல முடியல அவனால. நாலு நாள் தூங்கலையாம். யோசிச்சு யோசிச்சுத்தான் எழுதியிருக்கான்."

மாலக்கி சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து முழங்காலில் விரித்தார். ஈரவிரலை மேல்மூலையில் வைத்தார். கோல்மன் ஒழுங்கானவன், பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி ஊர்ப் பெயருக்குக் கீழே தேதி போட்டிருந்தான், கிழமையோடு. செவ்வாய்க்கிழமை.

அட்ராக்டா வண்டிச் சாவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லலாம்; வாய்வரை வந்துவிட்டது. உனக்காகத்தான் இருபது வருஷம் பொய் சொன்னான் என்று சொன்னால் அது ஆறுதலா, இன்னொரு குத்தா என்று தெரியாமல் விழுங்கினாள்.

மாலக்கி தாளை மெதுவாக மடித்தார்.

"யோசிச்சிருக்கலாம்" என்றார். "நாலு நாள் வேண்டாம் அட்ராக்டா. ஒரு நாள் யோசிச்சிருக்கலாம்."